பில் கவுண்டரைத் தொடாமல் ரிப்போர்ட்: அசூர் டேட்டாபேஸ்களுக்கு இடையே தினமும் நகல் எடுக்க ஒரு முழு வழிகாட்டி

மாதக் கடைசி நாள், காலை பதினொரு மணி. கணக்குப் பிரிவில் ஒருவர் மூன்று மாத விற்பனை அறிக்கையைத் திறக்கிறார். கீழே பில் கவுண்டரில் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இரண்டு வேலையும் ஒரே டேட்டாபேஸில் நடக்கிறது, அதுவும் 10 டிடியு (டேட்டாபேஸின் திறனை அளக்கும் அலகு) மட்டுமே உள்ள எஸ்0 என்ற சின்ன அடுக்கில். அறிக்கைக்கான கேள்வி லட்சக்கணக்கான ரெக்கார்டுகளைப் படிக்கிறது. பில்லுக்குத் தேவை நான்கே ரெக்கார்டுதான், ஆனால் அது இந்த நொடியே வேண்டும். இந்தச் சண்டையை விலக்கிவிடத்தான் ரிப்போர்ட்டுக்கென்று தனி டேட்டாபேஸ் வைத்து, அதற்குத் தினமும் நகல் எடுக்கிறோம்.

இந்த வழிகாட்டியில் மூலம் ஓர் அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் (மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேவையான அசூரில் ஓடுவது), சேருமிடம் இன்னோர் அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், சுமந்து செல்வது அசூர் டேட்டா ஃபேக்டரி. கோடு எழுதிக் காட்டப் போவதில்லை, அது தேடினால் கிடைத்துவிடும். எதை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். நகல் எடுப்பதை ஒரு மதியத்தில் அமைத்துவிடலாம். நகலில் எது விடுபட்டது என்று கண்டுபிடிக்கும் ஏற்பாட்டுக்குத்தான் மீதி வாரம் முழுக்கப் போகும்.

முதலில்: நகல் தேவைதானா?

உங்கள் டேட்டாபேஸ் பிரீமியம் அல்லது பிசினஸ் கிரிட்டிகல் அடுக்கில் இருந்தால், படிப்பதற்கென்றே ஒரு பிரதி ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. இணைப்பு வரியில் அப்ளிகேஷன் இன்டென்ட் என்பதை ரீட்ஒன்லி என்று மாற்றினால் அறிக்கைகள் அங்கே போய்விடும். சுமையைப் பிரிப்பது மட்டும்தான் நோக்கமென்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பிரதி மூலத்தின் அச்சு அசல். அறிக்கைக்கென்று அதில் மட்டும் ஓர் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட முடியாது, கூடுதலாக ஒரு டேபிள் வைக்க முடியாது, வேறு டேட்டாபேஸின் தகவலைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. இவற்றில் ஒன்று வேண்டுமென்றாலும் நகல்தான் வழி.

பழைய எஸ்க்யூஎல் சர்வரில் பழகியவர்கள் முதலில் தேடுவது லிங்க்டு சர்வரையும் (இன்னொரு சர்வரை நேரடியாகக் கேட்கும் வசதி) எஸ்க்யூஎல் ஏஜென்டையும் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி). அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இரண்டும் இல்லை. மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் என்ற வேறு வகை அசூர் சேவையை வைத்திருந்தால் உண்டு. எஸ்க்யூஎல் டேட்டா சிங்க் என்று டேட்டாபேஸ்களை ஒத்திசைக்கும் ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அது 2027 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டதால் புதிதாக அதில் கால் வைக்க வேண்டாம். முழு டேட்டாபேஸையும் தினமும் அப்படியே நகலெடுக்கும் கட்டளையும் உண்டு. சில ஜிபி அளவுள்ள டேட்டாபேஸுக்கு அது மோசமான யோசனை இல்லை. ஆனால் தினமும் பழையதை அழித்துவிட்டுப் புதியதற்குப் பெயர் மாற்ற வேண்டும், நீங்கள் அதில் சேர்த்து வைத்தது எதுவும் மறுநாள் இருக்காது.

எந்த டேபிள், எவ்வளவு புதிதாக?

போர்ட்டலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறிக்கை பார்ப்பவர்களிடம் போங்கள். "எவ்வளவு நேரத்துக்குள் வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "உடனுக்குடன்" என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள். "காலையில் வந்ததும் நேற்றைய கணக்கு முழுதாக இருந்தால் போதுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் போதும் என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்பதையும் பிரிப்பது எவ்வளவு பணம் என்பது பின்னால் வருகிறது.

டேபிள்களை மூன்றாகப் பிரியுங்கள். பொருள் பட்டியல், கிளைப் பட்டியல் போன்ற சின்ன டேபிள்களை ஒவ்வொரு முறையும் முழுதாக அழித்து எழுதிவிடலாம், அதில் புத்திசாலித்தனம் காட்ட வேண்டாம். பில் தலைப்பு, பில் விவரம், சரக்கு வரவு போன்ற பெரியவற்றுக்கு மாறியதை மட்டும் எடுக்க வேண்டும். மூன்றாவது வகை, லாக் டேபிள்களும் தற்காலிக டேபிள்களும்: தொடவே வேண்டாம். ஃபீல்டுகளிலும் இதே கஞ்சத்தனம் வேண்டும். வாடிக்கையாளரின் கைபேசி எண் இல்லாமலே விற்பனை அறிக்கை வரும் என்றால், அந்த எண் ஏன் இன்னோர் இடத்திலும் உட்கார வேண்டும்? இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இது வெறும் நல்ல பழக்கம் மட்டும் இல்லை.

இடம், அளவு, அனுமதி

இரண்டு டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் இருக்கட்டும். அசூரில் சவுத் இந்தியா என்பது சென்னை, சென்ட்ரல் இந்தியா என்பது புனே, வெஸ்ட் இந்தியா என்பது மும்பை. மூலம் சென்னையிலும் நகல் புனேயிலும் இருந்தால், ஒவ்வோர் இரவும் போகும் தரவுக்கு ரீஜன் தாண்டும் கட்டணம் சேரும்.

அறிக்கை டேட்டாபேஸை சர்வர்லெஸ் ஆக வைத்தால், யாரும் தொடாதபோது தானாகத் தூங்கிப் பணம் மிச்சமாகும். ஆனால் தூங்குவதை எழுப்பும் முதல் இணைப்பு 40613 என்ற பிழையோடு திரும்பிவிடும். டேட்டா ஃபேக்டரியில் மறுமுயற்சி எண்ணிக்கை இயல்பாகப் பூஜ்யம். அதை மூன்றாக்கி, இடைவெளியை ஒரு நிமிடமாக வையுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே விடியற்காலையில் தோல்வி மின்னஞ்சல் வரும், காலையில் நீங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், காரணம் புரியாமல் தலையைச் சொறிவீர்கள்.

கடவுச்சொல் எங்கும் எழுத வேண்டாம். டேட்டா ஃபேக்டரிக்கு மேனேஜ்டு ஐடென்டிட்டி என்று ஓர் அடையாளம் தானாகவே கிடைக்கிறது. சர்வருக்கு ஒரு என்ட்ரா (மைக்ரோசாஃப்டின் பயனர் அடையாளச் சேவை) நிர்வாகியை நியமித்து, அவராக உள்நுழைந்து, அந்த அடையாளத்தின் பெயரில் இரண்டு டேட்டாபேஸிலும் ஒரு பயனரை உருவாக்குங்கள். மூலத்தில் படிக்கும் உரிமை மட்டும். சேருமிடத்தில் படிக்க, எழுத, புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ஓட்ட உரிமை. ஸ்டேஜிங் டேபிளை (வந்த தரவை முதலில் இறக்கி வைக்கும் டேபிள்) காலி செய்ய ட்ரங்கேட் கட்டளையைப் பயன்படுத்தினால் அதற்கு எழுதும் உரிமை போதாது, அந்த டேபிளை மாற்றும் உரிமையும் வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று எந்த இடத்தில் விட்டோமோ அங்கிருந்து இன்று தொடர வேண்டும். அந்த "விட்ட இடம்" என்பதைத்தான் வாட்டர்மார்க் என்கிறார்கள். எதை வைத்து அதைக் குறிப்பது?

பலரும் முதலில் பிடிப்பது "கடைசியாக மாற்றிய நேரம்" என்ற ஃபீல்டை. அந்த ஃபீல்டை நிரப்புவது அப்ளிகேஷன். அப்ளிகேஷன் ஒழுங்காக இருந்தால் சரி. ஆனால் ஒருநாள் ஒரு பில்லில் வரி விகிதம் தப்பாகிவிட்டதென்று யாரோ நேரடியாக டேட்டாபேஸில் ஓர் அப்டேட் ஓட்டுவார். நேரத்தை மாற்ற மறந்துவிடுவார். மூலத்தில் திருத்தம் இருக்கும், நகலில் பழைய தொகையே நிற்கும், யாருக்கும் தெரியாது.

அதனால் நான் ரோவெர்ஷன் பக்கம். அது 8 பைட் எண். ரெக்கார்டு புதிதாக வந்தாலும் மாறினாலும் டேட்டாபேஸ் தானே அதற்கு ஒரு புதிய எண்ணைப் போடும், யார் எந்த வழியாக மாற்றினாலும் போடும். எண்கள் ஒவ்வொரு டேபிளுக்கும் தனித்தனியாக ஓடுவதில்லை, முழு டேட்டாபேஸுக்கும் ஒரே வரிசை. இது பின்னால் உதவப் போகிறது.

ஏற்கெனவே நிறைந்திருக்கும் டேபிளில் இந்த ஃபீல்டைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ரெக்கார்டும் மீண்டும் எழுதப்படும், அதுவரை டேபிள் பூட்டிக் கிடக்கும். கடை மூடிய பிறகு செய்யுங்கள். அந்த ஃபீல்டுக்கு இண்டெக்ஸும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் "புதிதாக எது?" என்று கேட்கவே முழு டேபிளையும் படிக்க வேண்டி வரும். சேருமிடத்தில் இதே ஃபீல்டை ரோவெர்ஷன் வகையாக வைக்கக் கூடாது, அங்கே அது தன் சொந்த எண்ணைப் போட்டுக்கொள்ளும். 8 பைட் பைனரி வகையாக வையுங்கள்.

சரி, இப்போது பொறி.

மூலத்தில் இருக்கும் மிகப் பெரிய ரோவெர்ஷனைப் பார்த்து, அதுவரை எடுத்துக்கொண்டு, அதையே அடுத்த வாட்டர்மார்க்காக எழுதி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10.00 மணிக்கு ஒரு பெரிய பில் பதிவாகத் தொடங்குகிறது. அதற்கு 501 என்ற எண் கிடைக்கிறது, ஆனால் அந்தப் பரிவர்த்தனை இன்னும் முடியவில்லை. 10.01-க்கு ஒரு சின்ன பில், எண் 502, உடனே முடிந்துவிடுகிறது. 10.02-க்கு நம் நகல் ஓடுகிறது. அதன் கண்ணுக்கு 502 தெரிகிறது, முடியாத 501 தெரியவில்லை. "502 வரை எடுத்தாயிற்று" என்று எழுதி வைக்கிறது. 10.03-க்கு 501 முடிகிறது. நாளை நகல் 502-க்கு மேல்தான் தேடும். 501 என்ற பில் அறிக்கைக்கு ஒருபோதும் வராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது.

அசூர் எஸ்க்யூஎல்லில் படிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருக்காத முறை இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. பில் கவுண்டருக்கு அது வரம். இந்தப் பொறிக்கும் அதுதான் காரணம்.

மருந்து ஒரு சின்ன ஃபங்ஷன். மின், ஆக்டிவ், ரோவெர்ஷன் என்ற மூன்று சொற்களை அடிக்கோடு போட்டு இணைத்தால் அதன் பெயர். இன்னும் முடியாமல் நிற்கும் எண்களில் மிகச் சிறியதை அது தரும், மேலே சொன்ன நிலையில் 501. எதுவும் நிற்கவில்லை என்றால் அடுத்து வரப்போகும் எண்ணைத் தரும். நகல் தொடங்கும் முன்பே இதைக் கேட்டு மேல் எல்லையாக வையுங்கள். பழைய எல்லைக்குச் சமமானதும் மேலானதும், புதிய எல்லைக்குக் கீழானதும் மட்டும் எடுங்கள். 502 இன்று வராது, நாளை 501-ஓடு சேர்ந்து வரும். ஒருநாள் தாமதம் பரவாயில்லை, ஒரேயடியாக விடுபடுவதுதான் ஆகாது.

இன்னொரு சின்ன விஷயம். டேட்டா ஃபேக்டரி பைனரி மதிப்போடு சரிவரப் பழகாது. எல்லையை பிக்இன்ட் என்ற முழு எண் வகையாக மாற்றி அதனிடம் கொடுங்கள். திரும்பவும் மூலத்தில் ஒப்பிடும்போது அந்த எண்ணை 8 பைட் பைனரியாக மாற்றிக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து ஃபீல்டை பிக்இன்ட் ஆக மாற்றினால், ஆசையாகப் போட்ட இண்டெக்ஸ் சும்மா கிடக்கும்.

பைப்லைன்: ஐந்து பெட்டிகள்

சேருமிடத்தில் முதலில் ஒரு கட்டுப்பாட்டு டேபிள் போடுங்கள். டேபிளின் பெயர், கடைசி எல்லை, கடைசியாக ஓடிய நேரம், எடுத்த ரெக்கார்டுகள் எத்தனை. அப்புறம் ஒவ்வொரு பெரிய டேபிளுக்கும் அதே வடிவில் ஒரு ஸ்டேஜிங் டேபிள். சரக்கு வந்ததும் நேராக அறைக்குள் போகாமல் திண்ணையில் இறக்கிச் சரிபார்ப்பதில்லையா, அதுபோலத்தான் இது.

டேட்டா ஃபேக்டரியில் வரிசையாகக் கோத்த வேலைப் பெட்டிகளுக்குப் பைப்லைன் என்று பெயர். வேலை இப்படிப் போகும். ஒரு லுக்அப் கட்டுப்பாட்டு டேபிளைப் படித்துப் பழைய எல்லைகளை எடுக்கிறது. இன்னொரு லுக்அப் மூலத்திடம் புதிய மேல் எல்லையைக் கேட்கிறது. ஒரு ஃபார்ஈச் டேபிள் பட்டியலைச் சுற்றி வருகிறது. அதற்குள் ஒரு காப்பி, ஸ்டேஜிங்கைக் காலி செய்துவிட்டு இரண்டு எல்லைக்கும் நடுவில் இருப்பதைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அடுத்து ஒரு புரொசீஜர் அதை உண்மையான டேபிளில் சேர்க்கிறது.

அந்தப் புரொசீஜர் மூன்று காரியம் செய்ய வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் ரெக்கார்டைப் புதுப்பிப்பது, இல்லாததைச் சேர்ப்பது, கட்டுப்பாட்டு டேபிளில் எல்லையை நகர்த்துவது. மூன்றும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்க வேண்டும். எல்லையைத் தனிப் பெட்டியாகப் பிறகு நகர்த்தலாம் என்று நினைத்தால், நடுவில் அறுந்தபோது எது நகர்ந்தது எது நகரவில்லை என்று நள்ளிரவில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒன்றாக வைத்தால் எத்தனை முறை திரும்ப ஓட்டினாலும் விடை ஒன்றுதான். மெர்ஜ் கட்டளை இதற்கென்றே இருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அப்டேட் ஒன்று, இன்சர்ட் ஒன்று என்று இரண்டாக எழுதுவதுதான் பிடிக்கும். நீளமாக இருந்தாலும் பிழை வந்தால் எங்கே என்று உடனே தெரியும்.

பைப்லைனின் கன்கரன்சி என்ற இடத்தில் 1 என்று போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் ஓட்டம் முடிவதற்குள் இரண்டாவது தொடங்கி, முதலாவது கொட்டி வைத்த ஸ்டேஜிங்கைக் காலி செய்துவிடும். ஃபார்ஈச் ஒரே நேரத்தில் 20 வேலைகளை ஓடவிடும், அதுதான் அதன் இயல்பு, 50 வரை ஏற்றலாம். நீங்கள் குறைக்க வேண்டும். 20 காப்பிகள் ஒன்றாக மூலத்தை முட்டினால் பில் கவுண்டர் பழைய கதைக்கே திரும்பிவிடும். நான்கு போதும்.

எடுக்கும் கேள்வியில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபீல்டையும் இழுக்காதீர்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். மூலத்தில் ஒரு ஃபீல்டை நீக்கிவிட்டால் நகல் உடனே தோற்கும், உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மேல் எல்லையை ஒவ்வொரு டேபிளுக்கும் தனியாகக் கேட்காமல் தொடக்கத்தில் ஒரே முறை கேட்டு எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். எண்கள் டேட்டாபேஸ் முழுவதற்கும் ஒரே வரிசை என்பதால் இது சாத்தியம். இதனால் பில் தலைப்பும் பில் விவரமும் ஏறக்குறைய ஒரே நேரத்துப் படமாக வரும். முழுக்க அல்ல. எல்லையைக் கேட்ட பிறகு, நகல் போய்க்கொண்டிருக்கும்போதே, யாராவது ஒரு புதிய பில்லின் தலைப்பைத் திருத்தினால் அது எல்லைக்கு மேலே போய்விடும். விவரம் மட்டும் வந்து, தலைப்பு அடுத்த ஓட்டத்தில் வரும். எனவே சேருமிடத்தில் ஃபாரின் கீ கட்டுப்பாடு (தலைப்பு இல்லாமல் விவரம் வரக் கூடாது என்ற விதி) போடாதீர்கள், அறிக்கையை நேற்று வரை என்று நிறுத்துங்கள், நகலைக் கடை திறக்கும் முன் ஓட்டுங்கள்.

முதல் ஓட்டம்

பல ஆண்டுத் தரவை முதல்முறை கொண்டுவருவதும் இதே பைப்லைன்தான், பழைய எல்லை பூஜ்யம் என்பது மட்டும் வேறு. அன்று ஒரு நாளைக்குச் சேருமிடத்தை மேல் அடுக்குக்கு ஏற்றி, முடிந்ததும் இறக்குங்கள். சின்ன அடுக்குகளில் லாக் (மாற்றங்களின் பதிவேடு) எழுதும் வேகத்துக்கு வரம்பு உண்டு, காப்பி எவ்வளவு துள்ளினாலும் அதைத் தாண்டாது. ஆண்டு ஆண்டாகப் பிரித்து ஓட்டினால் நடுவில் அறுந்தாலும் முழுதாக அழ வேண்டியதில்லை. கூட்டித் தொகுக்கும் அறிக்கைகளுக்குக் காலம்ஸ்டோர் இண்டெக்ஸ் (தரவை ஃபீல்டு வாரியாகச் சேமிப்பது) அருமையாக இருக்கும், ஆனால் ஸ்டாண்டர்டு அடுக்கில் அது எஸ்3-இலிருந்துதான் கிடைக்கும்.

அழிந்துபோனவை

ரோவெர்ஷன் மாறியதைச் சொல்லும், புதிதாக வந்ததைச் சொல்லும். அழிந்ததைச் சொல்லாது, சொல்ல அங்கே ரெக்கார்டே இல்லையே. மூலத்தில் அழித்த பில் நகலில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கும், அறிக்கையில் விற்பனை கூடுதலாகத் தெரியும்.

முதல் வழி, அழிக்காமலே இருப்பது. ரத்தான பில்லுக்கு "ரத்து" என்ற குறி மட்டும் போடுவது. கணக்கர்களும் இதைத்தான் விரும்புவார்கள். அப்ளிகேஷனை எழுதியவர் உங்கள் பேச்சைக் கேட்பார் என்றால் இதையே செய்யுங்கள்.

இரண்டாவது, சேஞ்ச் டிராக்கிங். டேட்டாபேஸே எந்த ரெக்கார்டு சேர்ந்தது, மாறியது, அழிந்தது என்று சாவி எண்ணோடு (ரெக்கார்டை அடையாளம் காட்டும் தனி எண்) குறித்து வைக்கும். நல்ல வசதி. ஆனால் அந்தக் குறிப்புகளை இயல்பாக இரண்டு நாள்தான் வைத்திருக்கும். பொங்கல் விடுமுறையில் பைப்லைன் நின்று நான்கு நாள் யாரும் பார்க்கவில்லை என்றால், திரும்பி வரும்போது நடுவில் உள்ள அழிப்புகள் பறந்திருக்கும். காக்கும் காலத்தை ஒரு வாரமாவது ஏற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும், நம்மிடம் உள்ள பதிப்பு எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். செல்லாது என்றால் அந்த டேபிளை முழுதாக மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது மூன்றாவது வழி, அழகில்லாதது: வாரம் ஒருமுறை கடைசி 90 நாள் பில்களின் சாவி எண்களை மட்டும் மூலத்திலிருந்து எடுத்து வந்து, நகலில் இருந்து மூலத்தில் இல்லாதவற்றுக்கு "அழிந்தது" என்று குறி போடுவது. எண்கள் மட்டும் என்பதால் வேகமாக முடியும்.

நேரம்

அசூர் எஸ்க்யூஎல் டேட்டாபேஸின் கடிகாரம் எப்போதும் உலகப் பொது நேரமான யூடிசிதான், ரீஜன் சென்னையாக இருந்தாலும். ஏப்ரல் 1-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.30-க்குப் போட்ட பில், டேட்டாபேஸின் நேரத்தில் மார்ச் 31 மாலை 7 மணி. தேதியை அப்படியே எடுத்தால் அந்தப் பில் போன நிதியாண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆடிட்டர் கேட்கும்போது விளக்குவது சிரமம்.

ஆகவே சேருமிடத்தில் "வணிகத் தேதி" என்று ஒரு ஃபீல்டை வைத்து, புரொசீஜரிலேயே இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதிவிடுங்கள். ஒவ்வோர் அறிக்கையிலும் தனித்தனியாக ஐந்தரை மணி நேரம் கூட்டினால், ஏதோ ஒன்றில் நிச்சயம் மறந்துபோகும். பைப்லைனைக் குறித்த நேரத்தில் ஓட்டும் டிரிகர் போடும்போதும் நேர மண்டலத்தை இந்தியா ஸ்டாண்டர்டு டைம் என்று தேர்ந்தெடுக்கலாம். யூடிசியில் விட்டுவிட்டால் காலை 5 மணி ஓட்டத்துக்கு முந்தைய நாள் 23.30 என்று எழுத வேண்டியிருக்கும்.

பச்சை டிக்கை நம்பாதீர்கள்

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பில்லிங் மென்பொருள்காரர்கள் புதிய பதிப்பைப் போட்டார்கள். பில்கள் புதிய பெயருள்ள டேபிளில் விழத் தொடங்கின. பழைய டேபிள் அப்படியே இருந்தது, புதிதாக எதுவும் வரவில்லை. நம் பைப்லைன் தினமும் பழைய டேபிளைத் தட்டியது, பூஜ்யம் ரெக்கார்டை எடுத்தது, "வெற்றி" என்று பச்சை டிக் போட்டது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் கிளை மேலாளர் ஒருவர், "எங்க கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நகலோடு சரிபார்ப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே கேள்வி: கடைசி ஏழு நாளில், நாள்வாரியாக எத்தனை பில், மொத்தத் தொகை எவ்வளவு? எண்ணிக்கை மட்டும் போதாது. திருத்தம் விடுபட்டால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், தொகைதான் காட்டிக்கொடுக்கும். மூலத்தில் கேட்கும்போது அதே மேல் எல்லைக்குக் கீழ் என்ற நிபந்தனையைச் சேருங்கள், இல்லாவிட்டால் நகலுக்குப் பிறகு விழுந்த பில்கள் வீண் சந்தேகம் கிளப்பும். விடையை ஒரு டேபிளில் எழுதி வையுங்கள். வித்தியாசம் வந்தால் பைப்லைன் வேண்டுமென்றே தோற்க வேண்டும், அதற்கென்று ஃபெயில் என்ற பெட்டியே இருக்கிறது. இன்னொரு விதி: வேலை நாளில் பூஜ்யம் ரெக்கார்டு வந்தால் அதுவும் தோல்விதான்.

இதில் ஒன்று மட்டும் செய்வேன் என்பவர்களுக்கு: அறிக்கையின் தலையில் "காலை 5.10 வரையிலான தரவு" என்று கட்டுப்பாட்டு டேபிளிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். பழைய தேதி நின்றால் பார்ப்பவரே தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார்.

டேட்டா ஃபேக்டரி தன் ஓட்ட வரலாற்றை 45 நாள்தான் வைத்திருக்கும். "ஏப்ரலில் என்ன நடந்தது?" என்று ஜூலையில் கேட்டால் பதில் உங்கள் சொந்த டேபிளில்தான் இருக்கும்.

பணம்

காப்பி வேலைக்கு நிமிடக் கணக்கில் கட்டணம், அதுவும் மேல்நோக்கி முழு நிமிடமாக்கி. எட்டு நொடியில் முடிந்தாலும் ஒரு நிமிடம். 20 டேபிளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்தால் ஒரு நாளில் 5,760 காப்பிகள், குறைந்தது 5,760 நிமிடம், அதாவது 96 மணி நேரம். அதே வேலையை மணிக்கு ஒருமுறை செய்தால் 480 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் டிஐயு என்ற திறன் அலகால் பெருக்கப்படும். தானியங்கியாக விட்டால் அது தேவைக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். சின்ன டேபிள்களுக்கு அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச அளவைக் கையால் போடுங்கள். சர்வர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடி: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டப்படும் டேட்டாபேஸ் ஒருபோதும் தூங்காது.

ஒருநாள் எல்லாம் குழம்பினால்

நகலில் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. கட்டுப்பாட்டு டேபிளில் அந்த டேபிளின் எல்லையைப் பழைய எண்ணுக்குக் குறைத்து பைப்லைனை ஓட்டுங்கள். இரட்டிப்பாகாது, இருப்பது புதுப்பிக்கப்படும், இல்லாதது சேரும். எந்த எண்ணுக்குக் குறைப்பது என்று தெரிய, ஒவ்வொரு நாளின் எல்லையையும் வரலாறாக வைத்திருங்கள்.

ஒரே ஒரு நிலையில் இது உதவாது. மூல டேட்டாபேஸில் ஏதோ விபத்து, நேற்று மாலை நிலைக்கு மீட்டெடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அசூரில் மீட்பு எப்போதும் புதிய டேட்டாபேஸாகவே வரும், அதற்குப் பழைய பெயரை வைத்துவிடுவார்கள், உங்கள் பைப்லைனுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் ரோவெர்ஷன் எண்கள் நேற்று மாலைக்குப் பின்வாங்கியிருக்கும். உங்கள் எல்லை இன்றைய எண்ணில் நிற்கும். மூலம் அந்த எண்ணை மறுபடி எட்டும்வரை விழும் ஒவ்வொரு பில்லும் எல்லைக்குக் கீழே விழும், நகலுக்கு வராது. அதனால் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே, மூலம் தரும் மேல் எல்லை நம் பழைய எல்லையைவிடச் சிறியதா என்று பாருங்கள். சிறியது என்றால் பைப்லைனை அங்கேயே நிறுத்துங்கள். மீட்ட நேரத்துக்கு முந்தைய எல்லையை உங்கள் வரலாற்றிலிருந்து எடுத்துப் போட்டு, மீட்புக்குப் பின் மூலத்தில் இல்லாமல் போன பில்களைச் சாவி ஒப்பீட்டால் குறி போட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். மூலம் ஏற்கெனவே பழைய எண்ணைத் தாண்டி வளர்ந்துவிட்டால் இந்தச் சோதனைக்கும் தெரியாது. ஆகவே டேட்டாபேஸை மீட்பவரின் செய்ய வேண்டியவை பட்டியலில், "ரிப்போர்ட் பைப்லைன்காரருக்குச் சொல்" என்ற வரியை இப்போதே சேர்த்துவிடுங்கள்.